பலாப் பலகையில் செய்த பேஸ் பெட்டி

"மலையில பொறந்த பொண்ணுக்கு பேஸ்னா இன்னான்னு தெரியுமா?"

போளூரில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு நான் வேலை கேட்டுப் போன அன்று, கடைக்காரர் இப்படித்தான் கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. என் டிப்ளமா சான்றிதழைக் கையில் பிடித்தபடி, ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியும் சார்," என்றேன் நான். "இருபது ஹெர்ட்ஸ்ல இருந்து இருநூத்தம்பது ஹெர்ட்ஸ் வரைக்கும் வர்ற சத்தம்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "இங்க வர்றவங்க யாரும் ஹெர்ட்ஸ் கேட்டு வர்றதில்லம்மா. சரி, நாளைக்கு வா. பாக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜவ்வாது மலையில் விடுதிப் பள்ளியில் படித்தேன். அதன் பிறகு கீழே இறங்கி பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்தேன். முதல் வகுப்பு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று என் தங்கை கேலி செய்வாள். உயரட்டும். அன்று கடையிலிருந்து இறங்கி வரும்போது எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அந்தக் கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்லை என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பேஸ் ஒவ்வொன்றாக இருந்தது. மலைப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியையே பேஸ் என்றார். "பேஸ் கழண்டுக்கிச்சு, கொஞ்சம் முடுக்கிக் குடும்மா." கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அது தரையில் கால் வழியாக ஏறுகிற அதிர்வு. அது வராவிட்டால் வாடகையே வீண் என்பார்கள். தேவாலயத்தில் பாடும் ஒரு அண்ணன் வந்து, "நான் பேஸ் பாடறவன், என் மைக்குல மட்டும் குரல் மெலிசா வருது" என்றார். அவர் பேசும்போதே கண்ணாடி அலமாரி லேசாக முனகியது. இன்னொருவர் தடித்த நாலு கம்பி போட்ட கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தக் கிதார்தான் பேஸ். கல்லூரிப் பையன்களுக்கு அது காதுக்குள் சொருகும் கருவியின் தரம். மெக்கானிக்குக்கு ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் இருக்கும் குமிழ், அவ்வளவுதான்.

நான் ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதி வைத்தேன். ஒருநாள் மத்தியானம் வேலை இல்லாதபோது ஆங்கில அகராதியில் தேடினேன். அதே எழுத்தில் ஒரு மீனும் இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன்.

"மீனா?" என்றார் அவர். "முன்னாடியே சொல்லக் கூடாதா? இத்தன வருசமா அத வாடகைக்கு வுட்டுக்கினு இருக்கேன். வறுத்துத் தின்னிருக்கலாம்."

வாரக் கடைசியில் மலைக்குப் போகும்போது அம்மாவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அந்தச் சொல்லே புதிது. நான் விளக்கி முடிப்பதற்குள், "தெரியுதுடி, வவுத்துக்குள்ள போய் விழற சத்தம். உங்கப்பா அடிக்கறது" என்றாள்.

அப்பா சாமை விதைக்கிறவர். அதோடு எங்கள் ஊர் மேளக் குழுவில் பெரிய மேளம் அடிக்கிறவர். அந்த மேளத்தின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். சத்தம் சுள்ளென்று வரும். மறுபக்கம் தடித்த தோல். அதைக் கையால் அடிக்க வேண்டும். அதுதான் அம்மா சொன்ன சத்தம். அதை அப்பாவைப் போல அடிக்க எங்கள் பக்கத்து ஊர்களில் ஆள் இல்லை. மகள் என்பதால் சொல்லவில்லை. மகள் என்பதாலும்தான்.

அந்த மேளம் எங்கள் ஊர் அம்மன் பொங்கலில் செய்கிற வேலை என்னவென்று சொன்னால்தான், நான் அதற்குப் பிறகு செய்த காரியம் புரியும்.

கோயில் ஒரு மேட்டில் இருக்கிறது. அதன் கீழே அறுவடை முடிந்த கொல்லையில் மூன்று மூன்று கல்லாக அடுப்பு கூட்டி, ஒரே வரிசையில் எல்லா வீட்டுப் பானையும் வைப்போம். முதலில் கோயில் வாசலில் இருக்கும் ஊர்ப் பானை பொங்க வேண்டும். அது பொங்கியதும் மேளம் மெதுவான அடியிலிருந்து வேகமான அடிக்கு மாறும். மாறிய அந்த நொடியில்தான் வரிசையில் இருக்கும் எல்லோரும் அவரவர் பானையில் அரிசி போட வேண்டும். அரிசியை மேளம்தான் போடச் சொல்ல வேண்டும். மனுசர் சொல்லக் கூடாது. பக்கத்துப் பானைக்காரிக்குக் கையைக் காட்டுவதும் கூடாது. முந்திப் போட்டவள் பானையை இறக்கி, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிந்திப் போட்டவளின் வீட்டில் அந்த வருசம் விதைப்பும் பிந்தும் என்பார்கள்.

வரிசையில் இடம் என்பது குடும்பம் குடிவந்த வரிசை. தனிக் குடித்தனம் போகிறவர்கள் வாலில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஊர் பெருகப் பெருக வால் நீண்டு, கொல்லையைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசிப் பானை என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியதால் அவளுக்கு அந்த இடம். அங்கே மேளம் கேட்காது. ஓடைச் சத்தமும், பிள்ளைகள் போடும் கூச்சலும், விறகு வெடிக்கிற சத்தமும்தான் கேட்கும். ஒரு வருசம் முந்திப் போட்டுவிட்டாள். அடுத்த வருசம் பயந்து காத்திருந்து பிந்திவிட்டாள். அந்த வருசம் மழை எல்லோருக்கும்தான் தள்ளிப் போனது. ஆனால் பேச்சு அத்தை ஒருத்திக்குத்தான் விழுந்தது.

"இனிமே நான் பானை வெக்க மாட்டேன்," என்று அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "உன் மேளம் பாதி ஊருக்குத்தான் அடிக்குது. மீதி ஊரு செவுடுன்னு நெனச்சிக்கினியா?"

 அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் ஊரில் பானை வைக்காத வீடு என்றால், ஊரோடு இல்லாத வீடு என்று பொருள். அத்தைதான் என்னை முதல் நாள் விடுதிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள். அப்பா தயங்கி நின்றபோது, "ஆடு மேய்க்க உனக்கு வேற ஆளு கிடைக்காதா?" என்று சண்டை போட்டவள். அவள் பானை இல்லாமல் ஒரு பொங்கல் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வழி தெரிந்திருந்தது. மேளத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக், வாலில் ஒரு பெட்டி, நடுவில் வயர். எங்கள் கடையில் சேர்ந்த பத்தாவது நாளே எவரும் செய்கிற வேலை அது. ஆனால் எங்கள் ஊரில் மைக்செட்டுக்குத் தடை இருந்தது. சில வருசங்களுக்கு முன் கீழே இருந்து ஒரு செட்டு வரவழைத்து, பாட்டு போட்டார்கள்; அந்தச் சத்தத்தில் மேளமே காணாமல் போனது. அருள் வந்து ஆட வேண்டிய பெண்கள் ஒன்றும் வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு சரி.

ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். எழுந்து பேசுவது வழக்கமில்லை. படித்த திமிர் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. படித்ததே அதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டு பேசினேன்.

நாட்டாண்மைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி கண்ணு. பொட்டியில வர்றது மேளமா, மிசினா? மேளம் சொல்லித்தான் அரிசி போடணும். மிசின் சொல்லிப் போடலாமா?"

எனக்கு ஹெர்ட்ஸ் தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. அப்பாதான் எழுந்தார். கூட்டத்தில் அவர் அதிகம் பேச மாட்டார்.

"மாமா, பெங்களூருல இருந்து உன் பையன் போன்ல பேசறானே, அது பையனா, மிசினா?"

கூட்டம் சிரித்தது. நாட்டாண்மைக்காரரும் சிரித்தார். "காசு கேட்டா பையன். வர்றேன்னு சொன்னா மிசின்." சிரிப்பு அடங்கியதும் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சரி. ஒரு வாட்டி பாக்கலாம். ஆனா பொட்டியும் மேளம் செய்யற மரத்துலயே இருக்கணும். அப்போ அதுவும் மேளந்தான், குத்தமில்ல. சரிவரலன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னாம்மா?"

எங்கள் பக்கம் மேளம் பலா மரத்தில் செய்வது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரிங்க" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? மேளத்துக்கு நல்ல மரம் பெட்டிக்கும் நல்ல மரமாகத்தானே இருக்கும்? எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். 'பெட்டியின் சுவர் அதிரக் கூடாது' என்று நானே என் கையால் பாலிடெக்னிக் நோட்டில் எழுதியிருக்கிறேன். தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை.

காற்றில் விழுந்த பலா மரத்தை அறுத்து, புது மேளத்துக்கென்று அப்பா இரண்டு வருசமாகக் காயவைத்த மரம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பாவும் அவரும் பலகையாக அறுத்தார்கள். வீடு முழுக்க மஞ்சள் தூள், பலா மணம். ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ணங் என்று நின்று ஒலித்தால் வைத்துக்கொள்வார்கள். ஒலிக்காததைத் தள்ளிவிடுவார்கள்.

"இது நல்லாப் பாடுது அண்ணா."

"பாடுற பலகையா பாத்துப் போடு. பொண்ணு மானம் போவக் கூடாது."

ஆக, இருப்பதிலேயே அதிகம் ஒலிக்கும் பலகைகளாகப் பொறுக்கி, நாங்கள் ஆசை ஆசையாகப் பெட்டி செய்தோம். போளூர் கடைக்காரர் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் சின்னது ஒன்றையும் கொடுத்தார். மைக்கும், பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் திருப்பித் தர வேண்டியவை. "மலைக்கு மேல கரண்ட நம்பாத," என்று மட்டும் சொன்னார். நான் நம்பியதே இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் காலை, மேட்டிலிருந்து வாலுக்கு வயர் இழுத்து, அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். மேட்டில் அப்பாவின் கூட்டாளி மேளம் அடிக்க, அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவும் நானும் பெட்டியின் முன்னால் நின்றோம். மேளம் ஆரம்பித்தது. பெட்டி பேசியது.

அப்பாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். "பேசுதுடி!" என்றார். "மேளமேதான்!" சித்தப்பா பெட்டியைத் தடவிக் கொடுத்தார், கன்றுக்குட்டியைத் தடவுவது போல.

அப்போது அத்தை வீட்டிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் கைவைத்து நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இன்னாடி இது, தேனீக் கூட்டக் கலைச்சி வுட்ட மாதிரி கீது? ஒரே உம்முன்னு. எது அடி, எது முழக்கம்னே தெரியல."

"நல்லாத்தானே கேக்குது?" என்றார் அப்பா.

"கேக்குது. எனக்கும் கேக்குது. அடி மாறுச்சா, இல்லியா? அதச் சொல்லு."

யாராலும் சொல்ல முடியவில்லை. மேட்டில் அடி எப்போதோ மாறியிருந்தது. பெட்டியில் ஒரு அடி தீர்வதற்குள் அடுத்த அடி வந்து அதன் மேல் விழுந்தது. எல்லாம் கலந்து ஒரே முனகல். அத்தை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"நாளைக்கு நான் வரல. சும்மா இழுத்துக்கினு போவாத," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் ஆம்ப்ளிஃபயரில் குமிழைத் திருப்பிப் பார்த்தேன். குறைத்தால் கேட்கவில்லை; கூட்டினால் முனகியது. கண் கலங்கப் பார்த்தது. அழுகையை மறைக்கக் குனிந்து, பெட்டியின் பின்சுவரில் கையை ஊன்றினேன். என் உள்ளங்கை நடுங்கியது. மரம் நடுங்கிக்கொண்டிருந்தது. கையை அழுத்தினேன். முனகல் கொஞ்சம் குறைந்தது. முழங்காலையும் கொடுத்து அழுத்தினேன். இன்னும் குறைந்தது.

அப்போதுதான் அந்த நோட்டு வரி நினைவுக்கு வந்தது. மேளத்தில் தோலும் பாட வேண்டும், மரமும் பாட வேண்டும். பெட்டியில் பாடுவதற்கென்று ஸ்பீக்கர் என்ற ஒருவர் ஏற்கனவே இருக்கிறார். மரம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நாங்களோ ஊரிலேயே வாயாடி மரமாகத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறோம்.

"அம்மா, இந்தப் பொட்டி மேல ஏறி உக்காரு."

"நான் இன்னாத்துக்குடி? சாமி காரியத்துக்குச் செஞ்ச பொட்டி மேல உக்காரலாமா?"

"உக்காரும்மா. சொல்றேன்."

அம்மா அம்மனை ஒருமுறை கும்பிட்டுவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முனகல் பாதியானது. சித்தப்பாவைப் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னேன். அப்பா மறுபக்கம். நான் பின்னால். நாலு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து மேளம் தும், தும், தும் என்று ஒவ்வொரு அடியாகப் பிரிந்து வந்தது.

"எழுந்துக்கோம்மா." முனகல். "உக்காரு." மேளம்.

"நாளைக்கு நாலு பேரும் இப்பிடியேதான் நிக்கணுமா?" என்றாள் அம்மா. "அப்போ நம்ம பானைய யாரு பாக்கறது?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மரக்கட்டைகளை இறுக்கமாக அடித்து முட்டுக் கொடுத்தேன். சுவர்களில் பழைய கம்பளியையும் சாக்கையும் மடித்து ஆணியடித்தேன். ஓடையிலிருந்து ஈர மணலை அள்ளிச் சாக்குகளில் கட்டி, பெட்டியின் மேலும் இரு பக்கமும் பின்னாலும் அடுக்கினோம். மரம் பலாதான், ஊருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. வாயை மட்டும் கட்டிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். கடையில் எல்லோரும் கூட்டச் சொல்லும் குமிழை நான் பாதிக்கும் கீழே இறக்கினேன். மைக்கைக் குச்சி அடிக்கிற பக்கத்துக்குக் கொஞ்சம் நகர்த்தினேன். குச்சியின் சுள்ளென்ற சத்தம் அடியின் ஓரத்தை வெட்டிக் காட்டியது. அதன் பின்னால் கனத்த சத்தம் சுத்தமாக வந்து விழுந்து, உடனே நின்றது. நிற்கத் தெரிந்தால்தான் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு. நோட்டில் எழுதியிருந்த அத்தனை பேஸிலும் இது இல்லை என்று பட்டது.

சித்தப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அவ்ளோ நல்லாப் பாடின பலகை," என்று மணல் மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது வரிசை முழுவதும் புகை. நான் வாலில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தையின் இடத்தில் மூன்று கல் மட்டும் இருந்தது. அதுவும் நான் வைத்தது. அத்தை தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தே, தண்ணி காய வெக்கலாம் இல்ல?"

"உன் பொட்டி பேசட்டும். அப்பறம் பாக்கலாம்."

ஆனால் அவள் தலைக்குக் குளித்திருந்தாள். பொங்கல் வைக்காதவள் காலையில் எதற்குத் தலைக்குக் குளிக்கிறாள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மேட்டில் மேளம் ஆரம்பித்தது. மெதுவான அடி. மேட்டிலிருந்து வந்த சத்தம் வழியிலேயே கூச்சலில் கரைந்துவிட்டது. என் பெட்டியிலிருந்து அப்பாவின் கை, தும், தும் என்று வந்தது. அவர் எங்கே விரலை மடக்குகிறார், எங்கே உள்ளங்கையை வைக்கிறார் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. வாலில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை அவரைக்காயைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு உள்ளே போய், கழுவி மஞ்சள் கட்டித் தயாராக வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பல்ல இளிக்காத. வெறகு எடு," என்றாள் என்னிடம்.

தண்ணீர் கொதிக்க அவசரப்படுத்தினோம். அதற்குள் ஊர்ப் பானை பொங்கிவிடுமோ என்று நான் மேட்டைப் பார்த்துப் பார்த்து விறகைத் தள்ளினேன். அத்தை முறத்தில் அரிசியைப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை முறத்தின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு வருசமாகத் தவறிய கை. ஒருமுறை மேளம் இடையில் மூச்சு வாங்குவது போல நின்றது. பக்கத்துப் பெண் ஒருத்தி அரிசியைச் சாய்க்கப் போனாள். அத்தை அசையவில்லை.

பிறகு மாறியது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேகமான அடியின் முதல் மூன்று தட்டும் மூன்றாகவே வந்து விழுந்தன. அத்தை அரிசியைப் பானையில் சரித்தாள். அவள் போட்ட குலவையில் எனக்குக் காது அடைத்தது. வால் முழுக்க அரிசி விழுந்தது. குலவை வாலிலிருந்து கிளம்பி வரிசையோடு மேலே ஏறி, மேட்டில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டதும் அப்பா இன்னும் வேகமாக அடித்தார். அதுவும் எங்களுக்குப் பெட்டியில் நன்றாகக் கேட்டது.

பிற்பாடு நாட்டாண்மைக்காரர் வரிசையோடு நடந்து வாலுக்கு வந்தார். மணல் மூட்டைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"மேளந்தான்," என்றார் நிமிர்ந்து. "ஆனா ஒண்ணு. உள்ள இருக்கறவன் உங்கப்பன வுட நல்லா அடிக்கறான்."

இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். கோபமா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை. அத்தை அன்று தன் பானைப் பொங்கலில் முதல் உருண்டையை எடுத்து என் வாயில் திணித்தாள். நெய் கொஞ்சம் குறைவுதான். சொல்லவில்லை.

தடை நீங்கியது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பெட்டியில் மேளம் மட்டும்தான், பாட்டு கிடையாது. எனக்கும் அதுதான் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் போளூரில் மற்றவர்களுக்காகக் குமிழைக் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் ஓடைக்கு மேலே, மலையின் மறுசரிவில் இருக்கும் ஊரிலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் ஊரிலும் வரிசை வளைந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டதாம். பின்னால் இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் தனியாகப் பொங்கல் வைத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "உங்க பொண்ணு வருமா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா என்னைக் கைகாட்டினார்: "அதக் கேளுங்க. எனக்கு இன்னா தெரியும்?"

நேற்று காலை அந்த ஊருக்கு நடந்து போனேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து பாறை வரைக்கும், பாறையைச் சுற்றிக் கடைசி அடுப்பு வரைக்கும் அளந்தேன். வயர் போக வேண்டிய மரங்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன். பாறைக்குப் பின்னால் பெட்டி நிற்க வேண்டிய இடத்தில் கல்லைப் பொறுக்கித் தரையைச் சமன் செய்துவிட்டு வந்தேன்.